பழைய அமெரிக்க வீட்டின் வயதைத் தெருவில் நின்றே கணிப்பது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், உடன் வந்த நண்பரிடம் ஒரு வெள்ளை மர வீட்டைக் காட்டி, "இது 1800-ஐ ஒட்டிக் கட்டியது" என்று அடித்துச் சொன்னேன். கதவுக்கு மேலே விசிறிபோல் விரிந்த கண்ணாடி, இரு பக்கமும் ஒல்லியான தூண்கள் என்று படித்துவைத்திருந்த அடையாளமெல்லாம் அப்படியே இருந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தி, "1912" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நண்பர் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்.

கதவைப் பார்த்த நான் ஜன்னல்களைப் பார்க்கவில்லை. கீழ்த்தளத்தில் அவை இரண்டிரண்டாக ஒட்டி நின்றன. 1800-ல் ஜன்னலை யாரும் அப்படி ஜோடியாக வைக்கவில்லை. 1876-ல் பிலடெல்பியாவில் நாட்டின் நூற்றாண்டுக் கண்காட்சி நடந்ததையொட்டி அமெரிக்கர்களுக்குத் தங்கள் தாத்தா காலத்து வீடுகள்மீது திடீரென்று பாசம் பொங்கியது. பழைய கதவு, பழைய தூண் என்று நகல் எடுத்துக் கட்டத் தொடங்கினார்கள். காலனிய மறுமலர்ச்சி என்று அதற்குப் பெயர். புதிதாகப் பார்க்க வருபவர்களைக் கவிழ்ப்பதில் இதற்கு நிகர் எதுவும் இல்லை.

அன்றைய அவமானத்துக்குப் பிறகு ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டுதான் வீடுகளைப் பார்க்கிறேன்: மாற்றுவதற்கு எது அதிகச் செலவோ, அதை முதலில் பார்க்க வேண்டும். கதவை ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம். ஜன்னலை ஒரு கோடைக்காலத்தில் மாற்றலாம். கூரையை மாற்றக் கையில் நல்ல பணம் வேண்டும். வீட்டின் நடுவே நிற்கும் புகைபோக்கியைப் பிடுங்க வேண்டுமானால் பாதி வீட்டையே கலைக்க வேண்டும். ஆகவே பார்வை போக வேண்டிய வரிசை புகைபோக்கி, கூரை, ஜன்னல், கடைசியில் கதவு.

எங்கே பழகுவது?

பழகுவதற்கு நான் சொல்லும் ஊர் பாஸ்டனுக்கு வடக்கே இருக்கும் சேலம். நம் சேலத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவில்லை; அது விவிலியத்திலிருந்து வந்த பெயர். பாஸ்டன் நார்த் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அக்டோபரில் மட்டும் போக வேண்டாம். 1692-ல் அங்கே நடந்த சூனிய வழக்குகளைச் சாக்காக வைத்து ஹாலோவீன் கூட்டம் ஊரை நிரப்பிவிடும். வீட்டைப் பார்க்கத் தெருவில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. மரங்கள் இலை உதிர்த்து நிற்கும் நவம்பரும் மார்ச்சும் மிக நல்ல மாதங்கள். கூரை மறைவில்லாமல் தெரியும்.

இந்த ஊரைச் சொல்லக் காரணம் உண்டு. சுமத்ராவிலிருந்து மிளகும், கல்கத்தாவிலிருந்தும் நம் சென்னைப்பட்டணத்திலிருந்தும் துணிமணிகளும் ஏற்றிவந்த கப்பல்களின் துறைமுகம் இது. அந்தப் பணத்தில் எழுந்த மாளிகைகள்தான் இன்று நாம் பார்ப்பவை. 1807-ல் வெளிநாட்டு வாணிபத்துக்கு அரசு விதித்த தடையோடு ஊரின் கை இறங்கத் தொடங்கியது. பழையதை இடித்துப் புதிது கட்டுமளவுக்குப் பணப்புழக்கம் இல்லை, வீடுகள் பிழைத்தன. 1914-ல் ஊரில் 1,300-க்கும் மேற்பட்ட கட்டடங்களை எரித்த பெருந்தீகூட இந்த மாளிகைகள் வரிசையாக நிற்கும் செஸ்ட்நட் தெருவைத் தொடாமல் போயிற்று. அதனால் 17-ஆம் நூற்றாண்டு வீடு முதல் 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வீடு வரை நடந்தே பார்த்துவிடலாம்.

எடுத்துப் போக வேண்டியவை ஒரு சிறிய நோட்டு, பேனா, கூரையும் ஜன்னலும் பார்க்க ஒரு சிறு தொலைநோக்கி. நடைபாதையில் நின்று பாருங்கள். புல்வெளி ஒருவருடைய சொத்து, அதில் கால் வைக்கக் கூடாது. தொலைநோக்கியைக் கூரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படுக்கையறை ஜன்னலை நோக்கித் திருப்பினால் போலீஸ் வரும்.

முதலில் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போங்கள்

வீட்டுக்கு நேர் முன்னே நின்றால் கதவுதான் கண்ணில் படும். தெருவைக் கடந்து எதிரே நின்றால் கூரையும் புகைபோக்கியும் தெரியும்.

கூரையின் நடுவே ஒரே ஒரு பெரிய புகைபோக்கி, கல்லறை மேடைபோல் கனமாக நிற்கிறதா? அது நியூ இங்கிலாந்தின், அதாவது மாசசூசெட்ஸ் அடங்கிய வடகிழக்குப் பகுதியின், மிகப் பழைய வழக்கம். அங்கே குளிர் எலும்பைத் துளைக்கும். சூட்டை வெளிச்சுவரில் வீணாக்காமல் வீட்டின் வயிற்றில் வைத்துக்கொண்டார்கள். நடுவே செங்கல் திரள், அதன் இரு பக்கமும் ஒவ்வொரு அறை, இரண்டிலும் கணப்பு. அதே காலத்தில் தெற்கே வர்ஜீனியாவில் புகைபோக்கியை வீட்டின் இரு கோடிகளுக்குத் தள்ளினார்கள். அங்கே வெயில்தான் பகை. ஆக, புகைபோக்கி வயதோடு ஊரையும் சொல்லிவிடும்.

சேலத்தில் பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தின் வளாகத்தில் நிற்கும் ஜான் வார்ட் வீட்டைப் பாருங்கள். 1684-க்குப் பிறகு கட்டப்பட்டது. செங்குத்தான கூரை, நடுவில் புகைபோக்கி, கீழ்த்தளத்தைவிட சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மாடி. ஆனால் அது இப்போது இருக்கும் இடம் பிறந்த இடம் இல்லை. 1910-ல் நகர்த்திக் கொண்டுவரப்பட்டது. மர வீட்டைத் தூக்கி நகர்த்துவது அமெரிக்காவில் அப்படி ஒன்றும் அதிசயம் அல்ல. 'இந்தத் தெரு 1830-ல்தான் போடப்பட்டது, ஆகவே வீடும் அதற்குப் பிந்தியது' என்ற தர்க்கம் அங்கே செல்லாது.

முன்பக்கம் இரண்டு மாடி உயரம், பின்பக்கம் கூரை சறுக்குமரம்போல் ஒரு மாடி வரை இறங்குகிறதா? அதுதான் சால்ட்பாக்ஸ், அதாவது உப்புப்பெட்டி வீடு. அந்தக் காலத்துச் சாய்ந்த மூடி போட்ட உப்புப்பெட்டியின் சாயல். குடும்பம் பெருகியதும் பின்னால் ஒரு சமையலறை ஒட்டுத்தாழ்வாரமாகச் சேர்ந்ததால் பல வீடுகளுக்கு இந்த உருவம் வந்தது. பக்கவாட்டில் போய் நின்று அந்த நீண்ட சரிவைக் கண்ணால் பின்தொடருங்கள். நடுவில் எங்காவது சரிவின் கோணம் சற்றே மாறினால், பின்பகுதி பிறகு ஒட்டியது என்று பொருள். கயிறு பிடித்ததுபோல் ஒரே நேராக இறங்கினால் தொடக்கத்திலேயே திட்டமிட்டுக் கட்டியிருக்கலாம். முதல் முறை அந்த மடிப்பைக் கண்டுபிடிக்கும்போது வீடு நம்மிடம் வாயைத் திறந்து பேசியதுபோல் இருக்கும்.

மற்றக் கூரைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரு பக்கமும் இரண்டிரண்டு சரிவாக, மேலே மென்மையாகவும் கீழே செங்குத்தாகவும் மடிந்தால் கேம்பிரல். 18-ஆம் நூற்றாண்டில் இங்கே மிகவும் விரும்பப்பட்டது. டெர்பி தெருவில் 1762-ல் எழுந்த டெர்பி வீடு நல்ல உதாரணம். ஊரில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய செங்கல் வீடும் அதுவே. அப்படி மடிந்த சரிவு நான்கு பக்கமும் சுற்றி வந்தால் மேன்சார்ட். பாரிஸ் மோகத்தில் 1850-களின் பிற்பாதி முதல் 1880-கள் வரை ஓடியது. கூரை தட்டையாகத் தாழ்ந்து, விளிம்பில் கைப்பிடிச் சுவர்போல் ஒரு வேலி இருந்தால் பெரும்பாலும் ஃபெடரல், 1780 முதல் 1820 வரை. கூரையின் முக்கோணப் பக்கம் தெருவைப் பார்த்துத் திரும்பி, வீடு ஒரு கிரேக்கக் கோயில் வேடம் கட்டியிருந்தால் 1830-கள், 40-கள். இறவாணத்துக்குக் கீழே வரிசையாகக் கொடுங்கை தாங்கிகள் இருந்தால் இத்தாலிய மாளிகைச் சாயலில் கட்டிய இத்தாலியானேட். கோபுரம், வளைந்து ஓடும் தாழ்வாரம், மீன் செதிள்போல் வெட்டிய மரச் சில்லுகள் என எல்லாம் ஒரே வீட்டில் சண்டை போட்டால் குவீன் ஆன், 1880-க்குப் பிறகு. என் சொந்தக் கருத்து: கலிபோர்னியாவின் யுரேகாவில் இருக்கும் கார்சன் மாளிகையை ஒருமுறை படத்திலாவது பார்த்துவிட்டால், குவீன் ஆன் வீடு பிறகு எங்கே நின்றாலும் கண் கண்டுபிடித்துவிடும். 1880-களின் நடுவில் ஒரு மரவியாபாரி கட்டியது. கையில் இருந்த மரத்தையெல்லாம் காட்டியே தீருவது என்று முடிவு செய்தவர்போல் இருக்கிறது.

கூரையும் பொய் சொல்லும் என்பதற்கு சேலத்தின் கார்வின் வீடு சாட்சி. சூனிய வழக்குகளின் நீதிபதிகளில் ஒருவரான ஜானதன் கார்வின் 1675-ல் வாங்கிய வீடு இது. சுற்றுலாக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் படம் எடுக்கும் அந்தக் கூர்மையான முக்கோணக் கூரைகளைப் பார்த்தால் 17-ஆம் நூற்றாண்டு கண்முன் நிற்கும். ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் அந்தக் கூரையை எடுத்துவிட்டுக் கேம்பிரல் வைத்தார்கள். பிறகு முன்பக்கம் ஒரு மருந்துக்கடை ஒட்டிக்கொண்டது. 1940-களில் சாலையை அகலப்படுத்த வீடு இடிபட இருந்தபோது ஊர்க்காரர்கள் திரண்டு பணம் சேர்த்து, வீட்டைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தி, பழைய தோற்றம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று கணித்துக் கூரையைத் திரும்பக் கட்டினார்கள். வீட்டைத் தாங்கும் மரச்சட்டம் 17-ஆம் நூற்றாண்டு, தெருவிலிருந்து தெரியும் முகம் 20-ஆம் நூற்றாண்டு. இப்படிப்பட்ட வீட்டை நோட்டில் எழுதும்போது ஒரு தேதி போதாது. குறைந்தது இரண்டு தேதிகளாவது எழுதுங்கள்.

ஜன்னலை எண்ணுங்கள், பிறகு கண்ணாடியைப் பாருங்கள்

மாடியில் எத்தனை ஜன்னல்? ஐந்து, நடு ஜன்னலுக்கு நேர்கீழே கதவு, இரு பக்கமும் அச்சு மாறாத சமநிலை என்றால் ஜார்ஜியனோ (ஃபெடரலுக்கு முந்திய, 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பாணி) ஃபெடரலோ. மூன்றாம் மாடி இருந்து, அதன் ஜன்னல்கள் மட்டும் குள்ளமாக இருந்தால் சேலத்தில் அநேகமாக ஃபெடரல்.

அடுத்து, ஒவ்வொரு ஜன்னலிலும் எத்தனை கண்ணாடித் துண்டுகள் என்று எண்ணுங்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஈயப் பட்டைகளில் கோத்த சிறுசிறு சாய்சதுரக் கண்ணாடிகள், கதவுபோல் வெளியே திறக்கும் ஜன்னல்கள். 18-ஆம் நூற்றாண்டில் மேலும் கீழும் தள்ளும் ஜன்னல் வந்தது. மேல் பாதியில் பன்னிரண்டு, கீழ்ப் பாதியில் பன்னிரண்டு, அல்லது ஒன்பதும் ஒன்பதும். ஃபெடரல் காலத்தில் ஆறும் ஆறும். உள்நாட்டுப் போருக்கு (1861–65) பிறகு இரண்டும் இரண்டும். 1900-ஐ நெருங்கும்போது ஒன்றும் ஒன்றும். பெரிய கண்ணாடி மலிவாகிக்கொண்டே வந்த கதைதான் இது. கூடவே ஒரு எச்சரிக்கை: வசதி வந்தவர்கள் முன்பக்க ஜன்னல்களை மட்டும் புதிய மோஸ்தருக்கு மாற்றிவிட்டு, பின்பக்கத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். சந்து இருந்தால் பின்பக்கம் போய்ப் பாருங்கள்.

கண்ணாடியைப் பார்க்க மாலை வெயில் சாய்வாக விழும் நேரம் வேண்டும். எதிர்வீட்டின் நிழலோ மரக்கிளையோ கண்ணாடியில் தெரியும். நீங்கள் ஒரு அடி நகருங்கள். புதுக் கண்ணாடியில் கிளை நேராக நகரும். பழைய கண்ணாடியில் தண்ணீருக்குள் தெரிவதுபோல் நெளியும், ஒடியும், திரும்பச் சேரும். நெளிவு வட்டத்தின் ஒரு துண்டுபோல் வளைந்து ஓடினால் அது கிரவுன் கண்ணாடி. உருகிய உருண்டையை ஊதிச் சுழற்றி, அப்பளம்போல் தட்டையாக விரித்து, அதிலிருந்து வெட்டியது. நெளிவு ஏறக்குறைய நேர்க்கோடுகளாக ஓடினால் நீளக் குழாய்போல் ஊதி, பிளந்து, விரித்துத் தட்டையாக்கியது. நுண்ணிய காற்றுக் குமிழிகள் இரண்டிலும் உண்டு. கண்ணாடி நூற்றாண்டுகளாக மெல்ல வழிந்து அடிப்பக்கம் தடித்துவிட்டது என்று வழிகாட்டிகள் சிலர் சொல்வார்கள். அது கட்டுக்கதை. ஊதிச் செய்த கண்ணாடி தொடக்கத்திலேயே ஒரே தடிமனில் இருக்காது.

ஜன்னல் பக்கத்தில் மரக் கதவுப் பலகைகள் இருந்தால் ஒரு சின்னச் சோதனை. இரண்டையும் மனத்துக்குள் மூடிப் பாருங்கள். ஜன்னல் முழுவதும் மூடுமா? மூடாத அளவுக்கு ஒல்லியாக இருந்தாலோ, கீலே இல்லாமல் சுவரில் திருகி வைத்திருந்தாலோ அது வெறும் நகை.

கதவும் அலங்காரமும்

இதுவரை நோட்டில் ஒரு கணிப்பு எழுதியிருப்பீர்கள். இப்போது கதவைப் பார்த்து அதைச் சரிபார்க்கலாம். கதவுக்கு மேல் கனத்த முக்கோண முகப்பு ஜார்ஜியன். அரைவட்டமாகவோ முட்டைவடிவமாகவோ விரியும் விசிறிக் கண்ணாடி ஃபெடரல். அதுவே நீள்சதுரக் கண்ணாடியாகி, பக்கங்களிலும் கண்ணாடிப் பட்டைகள் இறங்கினால் கிரேக்கப் பாணி.

சேலத்தின் கதவுகளுக்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது. சாமுவேல் மெக்கின்டயர், 1757-ல் பிறந்து 1811-ல் இறந்த மரச் செதுக்குக்காரர், கட்டடக்காரர். எசெக்ஸ் தெருவில் இருக்கும் கார்ட்னர்-பிங்கிரி வீட்டை நிதானமாகப் பாருங்கள். 1804-ல் கட்டத் தொடங்கிய மூன்று மாடிச் செங்கல் வீடு. முன்பக்கம் வளைந்த சிறு முகமண்டபம், அதைத் தாங்கும் மெல்லிய தூண்கள். உள்ளே போக முடிந்தால் கணப்பின் சட்டங்களில் அவர் செதுக்கிய கதிர்க்கட்டுகளைப் பார்க்கலாம். பாணி என்பது விகிதம் என்று எனக்குப் புரிந்தது அந்த முகப்பின் முன் நின்றபோதுதான். என்னை ஏமாற்றிய 1912-ஆம் ஆண்டுக் கதவில் அதே விசிறி இருந்தது. ஆனால் எல்லாமே ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. இந்த 'ஒரு சுற்று' கண்ணுக்குப் பிடிபட ஐம்பது கதவாவது பார்க்க வேண்டும். குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

உள்ளே போனால் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும்

அருங்காட்சியகமாகிவிட்ட வீடுகளில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகலாம். மற்றவர்கள் நாற்காலிகளைப் பார்க்கும்போது நீங்கள் உத்தரத்தைப் பாருங்கள். 17-ஆம் நூற்றாண்டு வீடுகளில் அறையின் நடுவே ஒரு பெருத்த உத்தரம், விளிம்பு சீவப்பட்டு, மறைக்காமல் தெரியும். சம்மர் பீம் என்பார்கள். கோடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பொதி சுமக்கும் விலங்கைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு மரத்தில் குடைந்த துளைக்குள் இன்னொன்றின் முனையைச் செருகி, குறுக்கே மர ஆணி அடித்து வீட்டின் முழுச் சட்டத்தையும் எழுப்பினார்கள். அந்த மரத்தில் ஊசிபோல் துளைத்து எடுத்த மாதிரியின் வளையங்களை எண்ணி, மரம் வெட்டிய ஆண்டையே சொல்ல முடியும். பாஸ்டனுக்கு அருகே டெடம் ஊரின் ஃபேர்பேங்க்ஸ் வீடு 1637-க்கும் 1641-க்கும் இடையில் எழுந்தது என்று நிலைநாட்டப்பட்டது இப்படித்தான். வட அமெரிக்காவில் இன்றும் நிற்கும் மரச்சட்ட வீடுகளில் மிகப் பழையது அது.

நண்பர் யாராவது பழைய வீட்டில் குடியிருந்தால் விருந்து முடிந்ததும் நிலவறையையோ பரணையோ காட்டச் சொல்லுங்கள். டார்ச் விளக்கைப் பலகையின்மேல் படுக்கையாகப் பிடியுங்கள். ரம்பத்தின் தடம் மேலும் கீழுமாக நேர்க்கோடுகளாக இருந்தால் பழைய ரம்பம். வில்போல் வளைந்திருந்தால் வட்ட ரம்பம், 1830-களுக்குப் பிறகு.

பிறகு ஒரு ஆணி. கழன்று கிடப்பது ஒன்று நிச்சயம் இருக்கும். இருப்பதைப் பிடுங்க வேண்டாம். விரல்களுக்கு இடையில் உருட்டிப் பாருங்கள். நான்கு பக்கமும் கூராகச் சரிந்து, கொண்டையில் சுத்தியல் அடி பூவிதழ்போல் பட்டை பட்டையாகப் பதிந்திருந்தால் கொல்லர் கையால் அடித்தது, ஏறத்தாழ 1800-க்கு முன். இரண்டு பக்கம் மட்டும் சரிந்து மற்ற இரண்டும் இணையாக, உருளாமல் தட்டையாகக் கிடந்தால் இயந்திரம் இரும்புத் தகட்டிலிருந்து வெட்டியது. 1790-கள் முதல் 1890-கள் வரை அதன் ஆட்சி. உருண்டையாக உருண்டால் கம்பி ஆணி, 1880-களின் கடைசி முதல் இன்றுவரை. ஒரு ஆணியை வைத்து வீட்டுக்கு ஜாதகம் எழுதக் கூடாது. பழைய ஆணியை உருவித் திரும்பப் பயன்படுத்திய சிக்கனக்காரர்கள் ஏராளம். ஒரே பலகையில் பத்து ஆணிகளும் ஒரே வகை என்றால் நம்பலாம்.

வில்லங்கம் பார்ப்பது

நம் ஊரில் வீட்டு மனை வாங்கியவர்களுக்கு இந்தப் பகுதி மிகச் சுலபம். தாய்ப்பத்திரம் தேடுவது, சக்குபந்தி படிப்பது, வில்லங்கம் போட்டுப் பார்ப்பது எல்லாம் அங்கேயும் உண்டு. மாசசூசெட்ஸில் அது பத்திரப் பதிவகத்தில் நடக்கிறது. சேலத்தில் உள்ள பதிவகத்தின் பத்திரங்கள் 1600-கள் வரை பின்னோக்கிப் போகின்றன. இன்றைய உரிமையாளரின் பத்திரத்தில் தொடங்குங்கள். 'இன்னாரிடமிருந்து, இந்தப் புத்தகம், இந்தப் பக்கத்தில் பதிவான பத்திரப்படி எனக்கு வந்த சொத்து' என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்தப் பக்கத்துக்குப் போங்கள். அங்கேயும் அப்படி ஒரு வரி. இப்படியே ஏணி இறங்க வேண்டியதுதான். பல பதிவகங்களின் ஏடுகளை வீட்டிலிருந்தே இணையத்தில் புரட்டலாம்.

ஏணியில் இறங்கும்போது இரண்டு இடங்களில் நில்லுங்கள். 'நிலமும் அதிலுள்ள கட்டடங்களும்' என்று எழுதிவந்த பத்திரம் ஒரு கட்டத்தில் 'நிலம்' என்று மட்டும் சொல்கிறதா? விலை திடீரென்று பல மடங்கு குறைகிறதா? அந்த இரண்டு பத்திரங்களுக்கு இடையில்தான் வீடு முளைத்திருக்க வேண்டும். பழைய வாசகத்தை அப்படியே பார்த்தெழுதும் சோம்பேறி எழுத்தர்கள் அங்கேயும் உண்டு என்பதால் ஒரு வரியை மட்டும் நம்பிவிட வேண்டாம். ஏணியில் ஒரு படி காணாமல் போனால் யாரோ இறந்து சொத்து வாரிசுக்குப் போயிருக்கிறது. உயில் நீதிமன்றத்தின் ஏடுகளில் அந்தப் படி கிடைக்கும். அளவுகள் ராட் கணக்கில் இருக்கும். ஒரு ராட் 16.5 அடி.

பத்திரம் நிலத்தைத்தான் பேசும். வீட்டைப் படமாகவே பார்க்க சான்போர்ன் வரைபடங்கள் வேண்டும். தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனங்களுக்காக 1867 முதல் வரையப்பட்டவை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மரக் கட்டடம் மஞ்சள், செங்கல் இளஞ்சிவப்பு, கல் நீலம். எத்தனை மாடி என்பது எண்ணாக இருக்கும். 1890-ன் தாளில் இல்லாத தாழ்வாரம் 1906-ன் தாளில் இருந்தால், அந்தப் பதினாறு ஆண்டுகளுக்குள் யாரோ கட்டியிருக்கிறார்கள். கதவு எண்களில் ஏமாறாதீர்கள். பல ஊர்களில் தெரு முழுவதும் எண் மாற்றியிருக்கிறார்கள். வீட்டின் உருவத்தை வைத்தும் மூலைத் தெருவிலிருந்து எண்ணியும் அடையாளம் காணுங்கள்.

யார் குடியிருந்தார்கள் என்று தெரிய மக்கள்தொகைக் கணக்கு. 72 ஆண்டுகள் கழித்துத்தான் பெயர்களை வெளியிடுவார்கள். 1950-ன் கணக்கு 2022-ல் வந்தது. 1890-ன் ஏடுகளைத் தேட வேண்டாம், பெரும்பகுதி 1921 தீயில் போயிற்று. அந்த இடைவெளியை நகர முகவரிப் புத்தகங்கள் நிரப்பும். வீட்டின் அளவு வரைபடமே வேண்டுமென்றால் ஹாப்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் வரலாற்றுக் கட்டட ஆய்வின் தொகுப்பில் தேடுங்கள். 1933-ல், பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த கட்டடக் கலைஞர்களை வைத்து அரசு தொடங்கிய வேலை. அதுவும் அதே நூலகத்தில் இலவசம்.

மற்ற ஊர்களுக்குப் போனால்

சேலத்தில் பழகிய கண்ணோடு தெற்கே தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் போனால் குழப்பம் வரும். அங்கே வீடு தெருவுக்குத் தோளைக் காட்டி நிற்கும். ஒரே அறை அகலம். நீளப் பக்கம் முழுவதும் தூண் வைத்த தாழ்வாரம், பியாசா என்பார்கள். தெருவில் தெரியும் கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போகமாட்டீர்கள், அந்தத் தாழ்வாரத்துக்குத்தான் போவீர்கள். கடற்காற்றுக்காகச் செய்த ஏற்பாடு. அந்த அழகில் மயங்கி முன்பக்கத்தோடு திரும்பிவிடாதீர்கள். எய்க்கன்-ரெட் வீட்டின் பின்கட்டில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் வாழ்ந்த அறைகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. தெற்கின் பெரிய வீடுகள் பலவற்றின் செங்கல்லும் தச்சும் அவர்களுடைய கைவேலை. கல்வெட்டில் இருப்பது வேறொருவர் பெயர். நியூ ஆர்லியன்ஸின் ஷாட்கன் வீடுகளில் நடைவழியே கிடையாது. அறைகள் ரயில் பெட்டிபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நிற்கும். ஹைட்டி வழியாக வந்ததாகச் சொல்லப்படும் வடிவம்.

மேற்கே போகப் போக வீடு இலேசாகும். 1830-களில் சிகாகோவில் கனமான உத்தரங்களை விட்டுவிட்டு மெல்லிய சட்டங்களை ஆணி அடித்தே வீடு எழுப்பக் கற்றுக்கொண்டார்கள். மலிவான வெட்டு ஆணி இல்லாமல் அது நடந்திருக்காது. 1908 முதல் 1940 வரை சியர்ஸ் நிறுவனம் வீட்டையே அஞ்சல் வழி விற்றது. மரத்துண்டுகள் எண் குறித்து ரயிலில் வந்து இறங்கும். எழுபதாயிரத்துக்கும் மேல் விற்றன. நிலவறை உத்தரத்தில் எழுத்தும் எண்ணும் முத்திரையாகப் பதிந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

பங்களா என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். நமக்குப் பங்களா என்றால் பணக்காரர் மாளிகை. வங்கத்துக் குடிசையிலிருந்து கிளம்பிய அதே சொல் அமெரிக்காவில் 1905 முதல் 1930 வரை பரவிய, தாழ்ந்த கூரையும் அகன்ற முன்தாழ்வாரமும் கொண்ட சிறு வீட்டைக் குறிக்கிறது. கலிபோர்னியாவின் பாசடினாவில் 1908-ல் கட்டிய கேம்பிள் வீடு மட்டும் அந்த வகையிலேயே நம் பொருளிலும் பங்களா.

அப்படி ஒரு வீட்டில் குடியேறுவதாக இருந்தால்

1978-க்கு முன் கட்டியது என்றால் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து சுவரைவிட ஜன்னலில் அதிகம். மேலும் கீழும் தள்ளும் ஒவ்வொரு முறையும் பெயின்ட் உராய்ந்து தூளாகும், தவழும் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில். மாசசூசெட்ஸில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் ஈயத்தை அகற்றுவதோ பாதுகாப்பாக மூடுவதோ உரிமையாளரின் சட்டப்படியான கடமை. வாடகைக்குப் போகிறவர்கள் கேட்கத் தயங்க வேண்டாம்.

செங்கல் வீடானால் காரையை நகத்தால் கீறிப் பாருங்கள். பழைய சுண்ணாம்புக் காரை மெத்தென்று உதிரும். அதைக் குறை என்று நினைத்து சிமென்ட் பூசினால் வினை. பழைய செங்கல் மென்மையானது. ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறும். சிமென்ட் அடைத்துவிட்டால் செங்கல் வழியாகத்தான் வெளியேறும், பனியில் உறையும், செங்கல்லின் முகம் தோல் உரிவதுபோல் பெயர்ந்து விழும்.

சட்டத்தில் பலருக்கும் ஒரு குழப்பம். 1966-ன் சட்டத்தால் உருவான வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் வீடு இருந்தாலும், சொந்தப் பணத்தில் உரிமையாளர் அதை இடிப்பதை அந்தப் பதிவு மட்டுமே தடுக்காது. தடுக்கும் அதிகாரம் உள்ளூர் வரலாற்று வட்டாரங்களுக்குத்தான். 1931-ல் சார்ல்ஸ்டன் தொடங்கிவைத்தது. அப்படிப்பட்ட வட்டாரத்தில் ஜன்னலை மாற்றவும் சில ஊர்களில் பெயின்ட் நிறத்தை மாற்றவும்கூட ஆணையத்தின் அனுமதி வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இனி பயிற்சி. சேலத்தில் பல வீடுகளின் முகப்பில் ஆண்டும், முதலில் கட்டியவரின் பெயரும் தொழிலும் எழுதிய மரப்பலகை தொங்கும். அதைப் படிக்காமல் எதிர்ப்பக்க நடைபாதையிலேயே நில்லுங்கள். புகைபோக்கி, கூரை, ஜன்னல், கதவு என்று வரிசையாகப் பார்த்து, ஒரு ஆண்டை நோட்டில் பேனாவால் எழுதுங்கள். பென்சிலால் எழுதினால் திருத்தத் தோன்றும். பிறகு தெருவைக் கடந்து பலகையைப் படியுங்கள். இருபது ஆண்டுக்குள் இருந்தால் சரி என்று எடுத்துக்கொள்ளலாம். கடைசியாகப் போனபோது எனக்குப் பதினொன்றில் ஏழு. தவறிய நான்கில் மூன்றில் கதவைப் பார்த்துத்தான் விழுந்தேன்.